சிர்ப் மென்பொருளுக்கு டிரைவர் எழுதுவது எப்படி: மதுரையிலிருந்து ஒரு தொடக்க வழிகாட்டி

கையடக்க ரேடியோ வாங்கிய எந்த ஹாமுக்கும் (பொழுதுபோக்கு வானொலியாளருக்கும்) முதல் வாரத்திலேயே அலுத்துப்போகும் வேலை ஒன்று உண்டு: அதன் சிறிய விசைப்பலகையில் சேனல்களைப் பதிவது. பாவோஃபெங் யுவி-5ஆர் போன்ற மலிவுக் கருவியில் 128 சேனல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பெறும் அலைவெண், அனுப்பும் அலைவெண், டோன் (பேச்சோடு சேர்ந்து போகும் தாழ்ந்த அடையாள ஒலி), பெயர் என்று மெனுவுக்குள் மெனுவாக இறங்கிக்கொண்டே போக வேண்டும். இதைக் கணினியில் ஓர் அட்டவணையாகக் காட்டி, திருத்தி, கேபிள் வழியாக ரேடியோவுக்குள் அனுப்பும் கட்டற்ற மென்பொருள்தான் சிர்ப். டான் ஸ்மித் என்ற அமெரிக்க ஹாம் 2008 முதல் வளர்த்துவருகிறார். பல நாட்டு ஹாம்கள் அதில் கை சேர்த்திருக்கிறார்கள். பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு உரிமத்தில் கிடைக்கிறது.

சிர்ப்பைப் பயன்படுத்தச் சொல்லித்தரும் காணொளிகள் ஏராளம். அதற்குள் கைவைத்து, டிரைவர் (குறிப்பிட்ட ரேடியோவோடு பேசச் சிர்ப்புக்குக் கற்றுத்தரும் நிரல் கோப்பு) எழுதச் சொல்லித்தரும் தமிழ்க் கட்டுரை அரிது. கொஞ்சம் பைத்தான் தெரிந்த கல்லூரி மாணவர், சாலிடரிங் தெரிந்தும் நிரல் என்றால் தயங்கும் பழைய ஹாம் ஆகிய இருவரையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். இங்கே நான் சொல்லும் வரிசை முக்கியம். பலரும் முதலில் ரேடியோ, பிறகு கேபிள், பிறகு நிரல் என்று போகிறார்கள். கேபிள் படியிலேயே மாட்டிக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். முதலில் கோப்பு, பிறகு நிரல், கடைசியில்தான் ரேடியோ என்று போனால், பாதி வழியைக் கையில் எந்தக் கருவியும் இல்லாமலே கடந்துவிடலாம்.

உரிமம்

இந்தியாவில் உரிமம் இல்லாமல் இத்தகைய ஒலிபரப்பும் கருவியை வைத்திருப்பதே சட்டப்படி தவறு. ஆகவே இன்னும் தேர்வு எழுதாதவர்கள் இணையக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாக்கி டாக்கி வாங்கி வைக்க வேண்டாம். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு நடத்தும் அமெச்சூர் ஸ்டேஷன் ஆபரேட்டர் தேர்வை 12 வயது நிறைந்த எவரும் எழுதலாம். விண்ணப்பம் சரல் சஞ்சார் இணையதளத்தில். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என இரு நிலைகள். மோர்ஸ் தேர்வு ஜெனரலுக்கு மட்டும். ரெஸ்ட்ரிக்டட் நிலையில் தேறியவருக்கு வியூ3 என்றும் ஜெனரலுக்கு வியூ2 என்றும் தொடங்கும் அழைப்புக் குறி கிடைக்கும். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஏற்கெனவே உரிமம் பெற்ற ஹாம்கள் இருக்கிறார்கள். யாராவது ஒருவரைப் பிடித்துக்கொண்டால் தேர்வுக்கும் உதவும், பின்னால் சோதனைக்கு அவருடைய ரேடியோவும் உதவும்.

நிரல் எழுத உரிமம் தேவையில்லை. விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் காலம், கீழே உள்ளதைச் செய்யச் சரியான காலம்.

கணினியைத் தயார் செய்தல்

உபுண்டு அல்லது வேறு லினக்ஸ் இருந்தால் வேலை எளிது. விண்டோஸிலும் முடியும், ஆனால் கேபிள் படிக்கு வரும்போது லினக்ஸின் அருமை தெரியும்.

சிர்ப்பின் மூல நிரல், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இருக்கிறது. உங்களுக்கென ஒரு கணக்கு தொடங்கி, களஞ்சியத்தை ஃபோர்க் செய்து (உங்கள் கணக்கில் ஒரு பிரதி எடுத்து), அந்தப் பிரதியைக் கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி வழியாகக் கணினிக்கு இறக்குங்கள். மூலக் களஞ்சியத்தையும் அப்ஸ்ட்ரீம் என்ற பெயரில் சேர்த்துவையுங்கள். சிர்ப் அடிக்கடி மாறும்; ஒரு மாதம் பழைய பிரதியில் வேலை செய்துவிட்டுக் கடைசியில் ஒட்டவைப்பது வீண் தலைவலி.

அடுத்து பைத்தானின் மெய்நிகர் சூழல், அதாவது இந்த வேலைக்கென்று தனியாகப் பிரித்த பைத்தான் நிறுவல். இங்கே ஒரு குறிப்பு. சிர்ப்பின் திரைகள் டபிள்யூஎக்ஸ்பைத்தான் என்ற தொகுப்பால் ஆனவை. அதைப் பைத்தானின் நிறுவு கருவியான பிப் வழியாக நிறுவப் போனால், சில நேரம் உங்கள் கணினி அதை மூலத்திலிருந்து தொகுக்கத் தொடங்கிவிடும். பழைய மடிக்கணினியில் அது ஓடி முடிப்பதற்குள் கரிமேட்டுக்குப் போய் மீன் வாங்கிவந்து குழம்பே வைத்துவிடலாம். உபுண்டுவின் சொந்தத் தொகுப்பாகவே டபிள்யூஎக்ஸ்பைத்தானை நிறுவிவிட்டு, மெய்நிகர் சூழலை உருவாக்கும்போது கணினியில் ஏற்கெனவே உள்ள தொகுப்புகளையும் பார்க்கும்படி விருப்பம் கொடுங்கள். பிறகு சிர்ப்பைத் திருத்தக்கூடிய நிலையில் பிப் கொண்டு நிறுவுங்கள். அப்படி நிறுவினால் நீங்கள் கோப்பில் செய்யும் மாற்றம் அடுத்த முறை திறக்கும்போதே தெரியும்.

நிரல் திறந்ததா? உதவி மெனுவுக்குப் போய் டெவலப்பர் மோடை இயக்கி, மூடித் திறங்கள். சாதாரணப் பயனர் பார்க்காத ஒரு தாவல் இப்போது தெரியும். அதன் பெயர் பிரவுசர். ரேடியோவின் நினைவகம் பைட் பைட்டாக அதில் விரிந்து கிடக்கும். இனி உங்கள் நேரத்தில் பெரும்பகுதி அங்கேதான் போகும்.

ரேடியோ இல்லாமல் ரேடியோவைப் பார்ப்பது

களஞ்சியத்துக்குள் சோதனைகளுக்கென ஒரு அடைவு, அதற்குள் இமேஜ்கள் என்று ஓர் அடைவு. ஆதரிக்கப்படும் ரேடியோக்களிலிருந்து படித்தெடுத்த நினைவகப் பிரதிகள் அங்கே குவிந்திருக்கின்றன. யேசு, ஐகாம், கென்வுட், பாவோஃபெங், டிஒய்டி என்று நீங்கள் விலை கேட்கவே தயங்கும் கருவிகள்கூட அதில் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு உண்மையான ரேடியோவின் வயிற்றுக்குள் இருந்தது. யுவி-5ஆர் கோப்பை நகலெடுத்து, அந்த நகலைச் சிர்ப்பில் திறங்கள். அசல் கோப்பில் கைவைத்துவிட்டால் பின்னால் சோதனைகள் தோற்கும்; காரணம் புரியாமல் விழிப்பீர்கள்.

அட்டவணையில் ஐந்தாம் சேனலில் 145.700 மெகாஹெர்ட்ஸ் பெறும் அலைவெண்ணாகவும், 600 கிலோஹெர்ட்ஸ் கீழே அனுப்பும்படியும், அனுப்பும் டோன் 88.5 ஹெர்ட்ஸாகவும் இடுங்கள். இரண்டு மீட்டர் பட்டையில் (144 மெகாஹெர்ட்ஸையொட்டிய அலைவெண்களில்) ரிப்பீட்டர்களுக்கு, அதாவது நம் சமிக்ஞையை வாங்கி வேறு அலைவெண்ணில் திரும்ப அனுப்பும் நிலையங்களுக்கு, வழக்கமான இடைவெளி இந்த 600 கிலோஹெர்ட்ஸ். சேமித்துவிட்டு பிரவுசரில் ஐந்தாம் சேனலுக்கான பகுதியைப் பாருங்கள். முதல் பன்னிரண்டு பைட்டுகள் ஹெக்ஸில் இப்படி இருக்கும்:

00 00 57 14 00 00 51 14 00 00 75 03

இதை வாசிக்கப் பழகுவதுதான் இந்தத் தொழிலின் அரிச்சுவடி. முதல் நான்கு பைட்டுகளைப் பின்னாலிருந்து படியுங்கள்: 14 57 00 00. பத்து ஹெர்ட்ஸ் ஓர் அலகு என்று வைத்துக்கொண்டால் 14570000 என்பது 145.700 மெகாஹெர்ட்ஸ். ஹெக்ஸ் எண்ணாக இருந்தும் பத்தடிமான எண் போலவே கண்ணுக்குத் தெரிவது ஏன்? ஒவ்வொரு இலக்கத்துக்கும் நான்கு பிட் ஒதுக்கி, இலக்கங்களை அப்படியே வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். இந்த முறைக்குப் பிசிடி என்று பெயர். சிறிய இலக்கங்கள் முன்னால் வருவதால் சிர்ப்பின் மொழியில் இதை எல்பிசிடி என்பார்கள். அடுத்த நான்கு பைட்டுகள் அனுப்பும் அலைவெண், 145.100. அதற்கடுத்த இரண்டு பெறும் டோன். நாம் எதுவும் கொடுக்காததால் சுழியம். கடைசி இரண்டு, 75 03, அனுப்பும் டோன். இது பிசிடி அல்ல, சாதாரண ஈர்பைட் எண். திருப்பி 0375 என்று படித்துப் பத்தடிமானத்துக்கு மாற்றினால் 885. பத்தால் வகுத்தால் 88.5.

ஒரே சேனலுக்குள், அடுத்தடுத்த பைட்டுகளில், இரண்டு விதமான எண் முறை. சீனத் தொழிற்சாலையில் யாரோ ஒருவர் எந்த நாளிலோ எடுத்த முடிவு அது. ஏன் என்று கேட்டுப் பயனில்லை. டோன் இடத்தில் இன்னொரு விசித்திரமும் உண்டு: 600 அல்லது அதற்கு மேற்பட்ட எண் என்றால் அது பத்தால் பெருக்கிய ஹெர்ட்ஸ் டோன், அதற்குக் கீழ் என்றால் டிஜிட்டல் டோன் பட்டியலில் எத்தனையாவது என்ற வரிசை எண். 60 ஹெர்ட்ஸுக்குக் குறைந்த டோன் யாரும் வைப்பதில்லை என்பதால் இந்தத் தந்திரம் செல்லுபடியாகிறது.

சேனலுக்குப் பதினாறு பைட். மீதி நான்கில் வெளியீட்டுத் திறன், ஸ்கேன், அலைவரிசையின் அகலம் போன்றவை பிட் பிட்டாகத் திணிக்கப்பட்டிருக்கின்றன. கடைசி பைட்டில் 64 மதிப்புள்ள பிட் அகலம் அல்லது குறுகல். 4 மதிப்புள்ள பிட் ஸ்கேனில் சேர்ப்பது. இரண்டும் இயங்கியிருந்தால், வேறெதுவும் இல்லாவிட்டால், அந்த பைட் 68, ஹெக்ஸில் 44. அட்டவணையில் ஸ்கேன் கட்டத்தை மாற்றிவிட்டு அந்த பைட் எப்படி மாறுகிறது என்று நீங்களே பாருங்கள். படித்து அறிவதைவிடப் பார்த்து அறிவது இங்கே வேகம்.

பெயர்கள் வேறோர் இடத்தில் சேமிக்கப்படுகின்றன. யுவி-5ஆரில் ஏழு எழுத்துதான், அதுவும் ஆங்கிலப் பேரெழுத்து. மதுரைக்கு ஆங்கிலத்தில் மிகச் சரியாக ஏழு எழுத்து. ஒரு துளி இடம் மிச்சமில்லாமல் பொருந்தும். தல்லாகுளத்தையும் கோரிப்பாளையத்தையும் வெட்டித்தான் ஆக வேண்டும். இவற்றையே சோதனைப் பெயர்களாக இட்டுப் பாருங்கள்: சரியாகப் பொருந்துவது, நீளமாகப் போவது, காலியாக விடுவது. டிரைவர்களில் வரும் வழுக்களில் (நிரல் பிழைகளில்) கணிசமானவை இந்த மூன்று எல்லைகளில்தான் ஒளிந்திருக்கும்.

டிரைவர் என்பது என்ன

சிர்ப்பில் ஒவ்வொரு ரேடியோ குடும்பத்துக்கும் ஒரு பைத்தான் கோப்பு. டிரைவர்கள் என்ற அடைவில் அகரவரிசையில் கிடக்கும். அங்கே டெம்ப்ளேட் என்ற பெயரில் ஓர் எலும்புக்கூடு கோப்பும் இருக்கிறது. புதிதாக எழுதுவோர் அதை நகலெடுத்துத் தொடங்கலாம் என்பதற்காகவே வைத்திருக்கிறார்கள். முதலில் அதை முழுதாகப் படியுங்கள். சின்னக் கோப்புதான்.

அதன் மேற்பகுதியில் நினைவக வரைபடம் ஒன்று, சி மொழியின் ஸ்ட்ரக்ட் போன்ற வடிவில் ஒரு சரமாக எழுதப்பட்டிருக்கும். இந்த முகவரியிலிருந்து தொடங்கு, நான்கு பைட் எல்பிசிடி அலைவெண், ஒரு பைட்டில் முதல் மூன்று பிட் பயனற்றவை, அடுத்த பிட் இது, என்று. இதைப் படித்துப் பைட்டுகளுக்குப் பெயர் கொடுப்பது பிட்வைஸ் என்ற பகுதி. சிர்ப்பில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். முகவரிக் கணக்கை நிரலெங்கும் சிதறவிடாமல் ஒரே இடத்தில் எழுதிவிட்டால், அதன்பின் பெயரைச் சொல்லிப் பைட்டைப் படிக்கலாம், எழுதலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பிட்டுகளை மேலிருந்து கீழாக, அதாவது பெரிய மதிப்பிலிருந்து சிறிய மதிப்புக்கு எழுத வேண்டும். ஒரு பைட்டுக்கு எட்டு பிட்டும் கணக்கில் வர வேண்டும். தெரியாதவற்றுக்கும் பெயரிட்டு இடம் விடுங்கள்.

யுவி-5ஆர் டிரைவரில் சேனல்கள் எட்டாவது பைட்டிலிருந்து தொடங்குவதைக் காண்பீர்கள். ரேடியோவுக்குள் அவை சுழியத்தில்தான் தொடங்குகின்றன. தன்னை அடையாளம் காட்டி ரேடியோ அனுப்பும் எட்டு பைட்டுகளைக் கோப்பின் முன்னால் சேர்த்து வைப்பதால் வந்த வேறுபாடு இது. புதியவர்கள் தயாரிப்பாளர் மென்பொருளின் கோப்போடு ஒப்பிட்டு, எல்லாம் எட்டு பைட் தள்ளியிருக்கிறதே என்று திகைப்பது இங்கேதான்.

வரைபடத்துக்குக் கீழே சில செயற்கூறுகள். ரேடியோவின் திறன்களைச் சொல்வது ஒன்று: எத்தனை சேனல், எந்தெந்தப் பட்டை, பெயருக்கு எத்தனை எழுத்து, என்னென்ன டோன் வகைகள். சேனலைப் படித்து அட்டவணைக்குக் கொடுப்பது ஒன்று, அட்டவணையிலிருந்து வாங்கி பைட்டாக எழுதுவது ஒன்று. ரேடியோவிலிருந்து இறக்குவதும் ஏற்றுவதும் இன்னும் இரண்டு. அமைப்புகளைக் கையாள மேலும் இரண்டு. அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

திறன்களில் வரும் பட்டை எல்லையைப் பற்றி ஒரு வார்த்தை. யுவி-5ஆருக்கு 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்கும். நமக்கு அனுமதிக்கப்பட்ட இரண்டு மீட்டர் பட்டையோ 144 முதல் 146 வரைதான். கருவியால் என்ன முடியும் என்பதையே டிரைவர் சொல்கிறது. என்ன செய்யலாம் என்பது உங்கள் உரிமத்தில் இருக்கிறது. இந்திய எல்லைகளை டிரைவருக்குள் திணிக்கும் திருத்தத்தை அனுப்பாதீர்கள். உலகெங்கும் பயன்படும் நிரல் அது.

முதல் வேலையாக எதை எடுப்பது

புத்தம் புதிய ரேடியோவுக்கு முழு டிரைவர் எழுதும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். சிர்ப்பின் இணையதளத்தில் வழுப் பதிவேடு இருக்கிறது. அதில் உங்களுக்குப் பரிச்சயமான மாதிரியைத் தேடி, ஒரு சேனல் தவறாகத் தெரிகிறது, ஓர் அமைப்பு விடுபட்டிருக்கிறது என்பது போன்ற சிறிய புகாரை எடுங்கள். புகாரோடு பயனர் தன் இமேஜ் கோப்பையும் பிழைப் பதிவையும் இணைத்திருந்தால் அதிர்ஷ்டம். உங்கள் மேசையிலேயே அந்தத் தவறைத் திரும்ப நிகழ்த்திப் பார்க்கலாம்.

இன்னொரு வழி, ஏற்கெனவே உள்ள டிரைவரின் தம்பி மாதிரிகள். ஒரே உட்பலகையை வேறு வேறு கூட்டில் போட்டு வேறு பெயரில் விற்பது இந்தச் சந்தையின் வழக்கம். அத்தகைய கருவிக்கு, இருக்கும் டிரைவர் வகுப்பிலிருந்து மரபுரிமையாகப் புதிய வகுப்பு ஒன்றை உருவாக்கிப் பெயரையும் சில எல்லைகளையும் மாற்றினால் போதுமானதாக இருக்கலாம். ஆனால் அது உண்மையிலேயே அதே நினைவக அமைப்பா என்று கையில் கருவியை வைத்துக்கொண்டு சோதித்தவர்தான் சொல்ல முடியும். பெட்டியின் படத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

கேபிள்

இனி ரேடியோ. ஒலிவாங்கி மாட்டும் துளைகளில் கேபிளின் ரேடியோ பக்கத்திலுள்ள இரு செருகிகளும் நுழையும், 2.5 மில்லிமீட்டரும் 3.5 மில்லிமீட்டரும். கென்வுட் வகை இணைப்பு என்று கேட்டால் கடைக்காரருக்கும் புரியும். கேபிளின் யுஎஸ்பி முனைக்குள் ஒரு சிப் இருக்கிறது: எஃப்டிடிஐ, சிஎச்340, சிபி2102, பிஎல்2303 இவற்றில் ஏதாவது ஒன்று. மலிவுக் கேபிள்களில் பெரும்பாலும் பிஎல்2303, அதிலும் போலி. விண்டோஸில் அந்தச் சிப்புக்கான புதிய டிரைவர் (இது சிர்ப்பின் டிரைவர் அல்ல) அந்தப் போலியைக் கண்டுகொண்டு வேலை செய்ய மறுக்கும். பழைய டிரைவரைத் தேடி அலைய வேண்டியிருக்கும். லினக்ஸில் பெரும்பாலும் அந்தத் தொல்லை இல்லை. புதிதாக வாங்குவதானால் எஃப்டிடிஐ கேபிளுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது தகும்.

லினக்ஸில் இரண்டு தடைகள் வரும். ஒன்று, சீரியல் துறையைத் திறக்க உங்கள் பயனர் கணக்கு டயல்அவுட் என்ற குழுவில் இருக்க வேண்டும். சேர்த்துவிட்டு ஒரு முறை வெளியேறி உள்ளே வாருங்கள். மற்றொன்று, உபுண்டு 22.04இல் பார்வையற்றோருக்கான பிரெய்ல் காட்சிக் கருவிகளைக் கையாளும் பிஆர்எல்டிடிஒய் தொகுப்பு, சிஎச்340 சிப்பைப் பிரெய்ல் கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்ளும். கேபிள் தெரிந்து உடனே மறைந்தால் காரணம் அதுதான். பிரெய்ல் கருவி பயன்படுத்தாதவர்கள் அந்தத் தொகுப்பை நீக்கலாம்.

ரேடியோ பதில் சொல்லவே இல்லையென்றால், நிரலைச் சந்தேகிக்கும் முன் கேபிளை அழுத்திப் பாருங்கள். முனை கடைசி ஒரு மில்லிமீட்டர் உள்ளே போகாமல் நிற்பது மிகச் சாதாரணம். ரேடியோவை அணைத்து, கேபிளை மாட்டி, பிறகு இயக்குங்கள். பேட்டரி நிறைந்திருக்கட்டும். மேசைக் கணினியில் வேலை செய்பவர்கள், மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்பு அறிவித்த நாளில் ரேடியோவுக்குள் எழுதும் வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம்.

இறக்குதல் முதலில், ஏற்றுதல் வெகு பிறகு

ரேடியோவை இணைத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை அதன் நினைவகத்தை இறக்கிச் சேமிப்பது. அந்தக் கோப்புக்குத் தேதியிட்டுப் பெயர் வைத்து, இரண்டு இடத்தில் நகல் எடுத்து, மறுபடி தொடாதீர்கள். ஏதாவது கெட்டால் திரும்பிப் போக அதுதான் வழி.

உரையாடல் எப்படி நடக்கிறது என்று யுவி-5ஆரை வைத்தே பார்க்கலாம். வேகம் வினாடிக்கு 9600 பிட். கணினி ஏழு பைட் கொண்ட ஒரு மந்திரச் சொல்லை, ஒவ்வொரு பைட்டுக்கும் நடுவே சிறு இடைவெளி விட்டு அனுப்புகிறது. ரேடியோ ஏற்றுக்கொண்டால் 06 என்று ஒரே பைட் திரும்பி வரும். கணினி 02 அனுப்பும். ரேடியோ தன் எட்டு பைட் அடையாளத்தைச் சொல்லும். கணினி 06 சொல்ல, ரேடியோவும் 06 சொல்ல, கதவு திறக்கிறது. அதன்பின் முகவரியும் அளவும் கேட்டு 64 பைட் துண்டுகளாகப் படிக்கலாம். முதன்மைப் பகுதி 6144 பைட். 96 துண்டுகளில் முடிந்துவிடும். எழுதும்போது மட்டும் 16 பைட் துண்டுகள்.

எல்லா ரேடியோவும் இவ்வளவு வெளிப்படையாகப் பேசாது. குவான்ஷெங் யுவி-கே5 வினாடிக்கு 38400 பிட் வேகத்தில் பேசுகிறது; செய்தியை ஒரு நிலையான சாவியோடு எக்ஸ்ஓஆர் (பிட்டுக்குப் பிட் கலக்கும் செயல்) செய்து மறைத்து அனுப்புகிறது. அதையும் ஹாம்கள் அவிழ்த்துவிட்டார்கள்.

தெரியாத ரேடியோவின் நெறிமுறையைக் கண்டுபிடிக்க, தயாரிப்பாளரின் விண்டோஸ் மென்பொருள் ரேடியோவோடு பேசுவதை ஒட்டுக்கேட்க வேண்டும். லினக்ஸில் மெய்நிகர் இயந்திரம் ஒன்றில் விண்டோஸை ஓடவிட்டு, வெளியே வயர்ஷார்க் வழியாக யுஎஸ்பி போக்குவரத்தைப் பதிவு செய்வது நல்ல முறை. தயாரிப்பாளரின் நிரலைப் பிரித்தெடுத்து அதிலுள்ளதை அப்படியே நகலெடுத்துச் சிர்ப்பில் ஒட்டுவது வேறு விஷயம். பதிப்புரிமைச் சிக்கலைத் திட்டத்தின் தலையில் கட்டிவிடுவீர்கள். கம்பியில் ஓடும் பைட்டுகளைப் பார்த்துச் சொந்தமாக எழுதுங்கள்.

ஓர் அமைப்பு எந்த பைட்டில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் முறை சலிப்பானது, ஆனால் ஏமாற்றாது. ரேடியோவை இறக்கிச் சேமியுங்கள். ரேடியோவின் சொந்த மெனுவில் ஒரே ஒரு அமைப்பை, எடுத்துக்காட்டாக ஸ்குவெல்ச்சை (இரைச்சலை அடக்கும் அளவை) 3இலிருந்து 4ஆக, மாற்றுங்கள். மறுபடி இறக்குங்கள். இரண்டு கோப்புகளையும் ஒப்பிடுங்கள். மாறிய பைட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 4இலிருந்து 9ஆக்கி அதே பைட்தான் மாறுகிறதா என்று உறுதி செய்யுங்கள். இரண்டு அமைப்புகளை ஒரே தடவையில் மாற்றினால் நேரம் மிச்சமாகும் என்று தோன்றும். மிச்சமாகாது.

வெளிக் கருவியால் கோப்புகளை ஒப்பிடும்போது கடைசியில் புரியாத எழுத்துக் குவியல் ஒன்று வேறுபடும். சிர்ப் தன் இமேஜ் கோப்பின் வாலில் தயாரிப்பாளர், மாதிரி, சிர்ப்பின் பதிப்பு போன்ற விவரங்களைச் சேர்த்து வைக்கிறது. அது ரேடியோவின் நினைவகம் அல்ல, விட்டுவிடுங்கள்.

ஏற்றுதலுக்கு வரும்போது ஒரு கட்டாயம்: உங்களுக்குப் பொருள் தெரியாத பகுதிகளில் எழுதாதீர்கள். பல ரேடியோக்களில் தொழிற்சாலையில் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக அளந்து வைத்த அளவீட்டு மதிப்புகள் அதே நினைவகத்தில்தான் இருக்கின்றன. இன்னொரு ரேடியோவின் மதிப்புகளை அங்கே எழுதினால் திறனும் அலைவெண்ணும் பிசகும். டிரைவர்களில் இன்ன முகவரியிலிருந்து இன்ன முகவரி வரை மட்டும் எழுது என்று பட்டியல் இருப்பது இதற்காகத்தான். எழுதிய பின் சோதித்துப் பார்க்க ஒலிபரப்ப வேண்டியிருந்தால் ஆன்டெனாவைக் கழற்றி டம்மி லோடு (திறனை வெளியே விடாமல் வெப்பமாக்கும் மின்தடை) மாட்டுங்கள். யானைமலையோ திருப்பரங்குன்றமோ ஏறி நின்று முதல் சோதனை செய்யும் ஆசையைத் தள்ளிப்போடுங்கள். உயரத்திலிருந்து ஐந்து வாட் எவ்வளவு தூரம் போகும் என்று உங்களைவிடப் பிறருக்கு நன்றாகத் தெரியவரும்.

சோதனைகள்

டாக்ஸ் என்ற கருவி களஞ்சியத்தின் சோதனைகளை ஓட்டும். டிரைவர் சோதனைகள் இரக்கமற்றவை. இமேஜ் கோப்பைத் திறந்து, நீங்கள் அறிவித்த ஒவ்வொரு திறனையும் எடுத்து, சேனலில் எழுதி, திரும்பப் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றா என்று பார்க்கும். எட்டு எழுத்துப் பெயர் தாங்கும் என்று அறிவித்துவிட்டு ஏழைத்தான் சேமித்தால் அங்கேயே பிடிபடுவீர்கள். போலி சீரியல் துறை ஒன்றை வைத்து, பதிலே வராதபோதும் குப்பை பைட்டுகள் வரும்போதும் டிரைவர் நாகரிகமாகப் பிழை சொல்கிறதா, இல்லை வெடித்துச் சிதறுகிறதா என்றும் சோதிக்கும். சேனல் பகுதி சரியாக இருக்கிறது என்று நினைத்து டாக்ஸை ஓட்டாமல் அனுப்புவோரின் திருத்தம், கிட்ஹப்பில் தானாக ஓடும் அதே சோதனையில் தோற்று எல்லோர் கண்ணிலும் சிவப்பாக நிற்கும்.

புதிய மாதிரிக்கு டிரைவர் எழுதினால் அதன் இமேஜ் கோப்பையும் சோதனை அடைவில் சேர்க்க வேண்டும். சேர்ப்பதற்கு முன் அதிலுள்ள சேனல்களைப் பாருங்கள். உங்கள் நண்பரின் ரேடியோவிலிருந்து எடுத்ததென்றால் அவருடைய அழைப்புக் குறி, தனிப்பட்ட பெயர்கள் எல்லாம் அதற்குள் இருக்கும். ஒரு முறை பொதுக் களஞ்சியத்தில் ஏறினால் கிட்டின் வரலாற்றில் அது தங்கிவிடும். நீக்கிவிட்டு, பலவிதச் சேனல்களை, ரிப்பீட்டர், சிம்ப்ளெக்ஸ் (ரிப்பீட்டர் இல்லாத நேரடிச் சேனல்), டோன் உள்ளது, இல்லாதது என்று, நீங்களே நிரப்பிச் சேருங்கள்.

அனுப்புதல்

ஒரு வேலைக்கு ஒரு கிளை. ஒரு திருத்தத்தில் ஒரு வழு மட்டும். போகிற போக்கில் கண்ணில் பட்ட இடைவெளிகளையும் மாறிகளின் பெயர்களையும் அழகுபடுத்தாதீர்கள். மதிப்பாய்வு செய்பவர் உண்மையான மாற்றத்தைத் தேடிக் களைத்துப்போவார். கமிட் செய்தியில் (திருத்தத்தோடு சேமிக்கும் குறிப்பில்) எந்த ரேடியோ, என்ன தவறு, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று எளிய ஆங்கிலத்தில் நாலு வரி, வழுப் பதிவேட்டு எண்ணோடு. இலக்கணம் தடுமாறினாலும் பரவாயில்லை. எந்தக் கருவியில், எந்த நிலைப்பொருள் (ஃபர்ம்வேர்) பதிப்பில் சோதித்தீர்கள் என்பதை மட்டும் விடாதீர்கள். உண்மையான ரேடியோவில் சோதிக்கவில்லையென்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

புல் ரிக்வெஸ்ட் (உங்கள் திருத்தத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) போட்டதும் கேள்விகள் வரும். சில கறாராக இருக்கும். நூற்றுக்கணக்கான மாதிரிகளைத் தன் ஓய்வு நேரத்தில் பராமரிக்கும் திட்டத்தில், முகமன்களுக்கு நேரம் குறைவு. இதை இப்படி மாற்று என்றால் மாற்றி, அதே கிளையில் ஏற்றுங்கள்; புதிய புல் ரிக்வெஸ்ட் திறக்க வேண்டாம். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால், பைட்டுகளைச் சான்றாகக் காட்டுங்கள். இரண்டு இறக்கங்களின் வேறுபாட்டை ஒட்டிவிட்டால் வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

நிரல் எழுத மனமில்லாதவர்களுக்கும் இடமுண்டு. திரையில் வரும் சொற்றொடர்கள் கெட்டெக்ஸ்ட் முறையில் மொழிக்கொரு கோப்பாக லோக்கேல் அடைவில் இருக்கின்றன. தமிழில் கலைச்சொல் அறிவுள்ள ஹாம் அங்கே உதவலாம். டிஎம்ஆர் டிஜிட்டல் ரேடியோக்களில் ஆர்வம் இருந்தால் கியூடிஎம்ஆர் என்ற தனித் திட்டம் இருக்கிறது. அது சி++ மொழி.

திருத்தம் சேர்க்கப்பட்ட பிறகு வெளிவரும் பில்ட்டில் அது பயனர்களுக்குப் போய்ச்சேரும். சிர்ப்பின் பதிப்புப் பெயரில் தேதி இருப்பதால் எந்தப் பதிப்பில் வந்தது என்று தேடுவது எளிது. வழுப் பதிவேட்டில் புகார் கொடுத்தவருக்கு அந்தத் தேதியைக் குறிப்பிட்டுச் சோதிக்கச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள். அவர் சரி என்றால் புகாரை மூடலாம். இன்னும் தவறுகிறது என்றால், அவருடைய புதிய இமேஜ் கோப்பையும் பிழைப் பதிவையும் கேட்டு வாங்கி, பிரவுசர் தாவலைத் திறங்கள்.